மாடி ஓட்டுக்கு அடியில் என்ன போடுகிறீர்கள்?

போன வருஷம் மதுரை வில்லாபுரத்தில் ஒரு வீட்டுக்கு மேலே இன்னொரு மாடி எடுக்க வேண்டியிருந்தது. பழைய தளத்தைப் பெயர்த்தோம். பழைய பாதியில் தட்டோட்டுக்கு அடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். பிற்பாடு சேர்த்துக் கட்டிய பாதியில் தெர்மாகோல். ஜல்லியைப் பக்கத்து மனைக்காரர் தரை மேடாக்க வண்டியில் அள்ளிக்கொண்டு போய்விட்டார். தெர்மாகோலோ கடப்பாரை பட்டதும் உருண்டை உருண்டையாக உதிர்ந்தது. ஆடி மாசக் காற்று வேறு. சித்தாள்களின் தலைமுடியில் ஒட்டியது, பக்கத்து வீட்டுத் துளசிமாடத்தில் விழுந்தது, மிச்சம் வாய்க்காலில் இறங்கியது. "சார், இதை எங்க கொண்டுபோய்க் கொட்டுறது?" என்றார் மேஸ்திரி. எனக்குப் பதில் தெரியவில்லை.

2017-ல் வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் மிதக்கவிட்டு, காற்று அதைக் கரைக்கே தள்ளிவிட்டதைப் பார்த்து ஊரே சிரித்தது. நானும் சிரித்தவன்தான்.

அதற்காகத் தெர்மாகோலை வில்லனாக்க வேண்டாம். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு காற்று. ஒரு அங்குல அட்டை தடுக்கிற சூட்டைக் கான்கிரீட்டால் தடுக்க ஏறக்குறைய மூன்றடி கனம் வேண்டும். சித்திரை வெயிலைப் பகலெல்லாம் குடித்துவிட்டு ராத்திரி முழுக்க அறைக்குள் இறக்குகிற நம்மூர் மாடிக்கு, அதுவும் ஏசி ஓடுகிற மாடிக்கு, இன்சுலேஷன் போட்டால் கரண்ட் மிச்சம்தான். ஆனால் அந்தக் கணக்கு பில்லோடு முடிவதில்லை. பொருள் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது, மண்ணில் மக்காது, கொளுத்தினால் கரும்புகையும் நச்சும்.

இன்னொரு சங்கதி கண்ணுக்கே தெரியாது. தெர்மாகோல் மாதிரியான ஃபோமை உப்ப வைக்க ஒரு வாயு வேண்டும். தெர்மாகோலுக்குப் பெரும்பாலும் பென்டேன். அதனால் புவி அவ்வளவாகச் சூடாவதில்லை. பாலியூரித்தேன் ஃபோமுக்குப் பல காலம் எச்.சி.எஃப்.சி-141பி போட்டார்கள். ஓசோனை அரிக்கும் அந்த வாயுவை இந்தியா 2020 ஜனவரியோடு நிறுத்தியது. ஓசோனைத் தொடாத எச்.எஃப்.சி-134ஏ போன்றவையும் ஃபோமுக்கு வந்தன. புவியைச் சூடாக்குவதில், நூறு வருஷக் கணக்கில் பார்த்தால், 134ஏ ஒரு கிலோ 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். இந்த வாயு ஃபோமுக்குள் சிறைப்பட்டிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். இடித்து உடைக்கும்போது இன்னும் வேகமாக வெளியேறும். அதனால் கடைக்காரரிடம் விலைக்கு முன்னால், "எந்த வாயுவில் உப்ப வைத்தது?" என்று கேளுங்கள். முழிப்பார், பரவாயில்லை. கம்பெனியின் விவரத்தாளை வாங்கித் தரச் சொல்லுங்கள்.

சுண்ணாம்பும் செங்கலும் நம்ம சரக்கு என்பதாலேயே சுத்தம் என்றும் நான் சொல்ல மாட்டேன். சூளை எரிகிறது, கல்லுக்கு மண் தோண்டுகிறோம். சுண்ணாம்பு இறுகும்போது சூளையில் விட்ட கரியமில வாயுவில் ஒரு பகுதியைத் திரும்ப இழுத்துக்கொள்ளும், அது ஒரு நல்ல குணம். இடித்த வீட்டுச் செங்கலை உடைத்து ஜல்லியாக்கினால் இன்னும் நல்லது. ஆனால் சூட்டைத் தடுப்பதில் அது ஃபோமுக்குப் பக்கத்தில்கூட வராது.

ஆகவே என்னிடம் வருகிறவர்களுக்கு முதலில் சொல்வது வெள்ளையடிக்கத்தான். வெயிலைத் திருப்பி அனுப்பிவிட்டால் தடுக்க வேண்டியது பாதியாகக் குறையும். வருஷா வருஷம் பங்குனிக்குள் அடித்துவிட வேண்டும். அழுக்குப் படிந்த வெள்ளையால் பிரயோஜனம் இல்லை. அப்புறம், மாடியில் கீற்றுப் பந்தலோ புடலங்கொடியோ. ஏசி இல்லாத வீட்டுக்குப் பெரும்பாலும் இதுவே போதும். ராத்திரி ஏசி ஓடுகிற வீடென்றால் சரி, ஃபோம் போடலாம். அறைக்குள் சீலிங்கில் ஒட்டாதீர்கள்: தீப்பிடித்தால் தலைக்கு மேலேயே எரியும், கான்கிரீட்டும் வெயிலில் காய்ந்துகொண்டேதான் இருக்கும். தளத்துக்கு மேலே, முழு அட்டையாக, சிமென்ட் கலவையில் ஒட்டாமல் நடுவில் ஒரு ஷீட் விரித்துப் போடச் சொல்லுங்கள். நாளைக்குப் பெயர்க்கும்போது அட்டை அட்டையாகவே வரும்.

வில்லாபுரத்தில் உடையாமல் வந்தவற்றைப் புது மாடியிலேயே இப்படித் திரும்பப் போட்டோம். உதிர்ந்ததைக் கூட்டி நான்கு சிமென்ட் சாக்கில் கட்டினோம். நான்கு மூட்டையும் இன்னும் என் ஷெட்டில்தான் கிடக்கின்றன.