குழாயி நுனியில் தங்கும் துளி

"குழாயியிலிருந்து முழுக்க இறங்கிய பிறகும் நுனியில் ஒரு துளி நிற்கிறது. அதை ஊதினால் ரீச்சர் ஏன் ஏசுகிறார்?" சாவகச்சேரியில் உயர்தரம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். குழாயி (pipette) என்பது திரவத்தை உறிஞ்சி எடுத்து, குறித்த கனவளவை விடும் கண்ணாடிக் குழாய்.

திணிவு அளப்பதில் பெரிய வித்தை இல்லை. தராசைப் பூச்சியமாக்கி, மின்விசிறியை நிறுத்தி, ஆறிய பாத்திரத்தில் நிறுத்தால் சரி. (சோடியம் ஐதரொட்சைட்டுப் போத்தலைத் திறந்து வைத்துக்கொண்டு கதைக்க வேண்டாம். நம்மூர் ஈரக்காற்றில் நிறுக்க நிறுக்கப் பாரம் கூடும்.) குழாயில் நீர்மட்டம் வளைந்து நிற்கும் பிறையுருவின் அடியைக் கண்மட்டத்தில் வாசிப்பதும் தெரிந்ததுதான்.

துளிக்கு வருவோம். குழாயியைச் செய்தவர்கள் அந்தத் துளியை முன்பே கழித்துவிட்டார்கள். 25 மி.லீ. குழாயியின் கோடு, உள்ளே 25 நிற்கும் இடமல்ல. வெளியே 25 வந்து சேரும் இடம். சுவரில் ஒட்டும் படலமும், நுனியில் பரப்பிழுவிசை பிடித்துவைக்கும் துளியும் அதற்கு மேலதிகம். அவை ஒவ்வொரு முறையும் ஒரே அளவாகத் தங்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காகத்தான் நுனி அத்தனை ஒடுக்கம். நல்லெண்ணெய்ப் போத்தலைச் சட்டென்று கவிழ்த்தால் சுவரில் தடிப்பாக ஒட்டும், ஆறுதலாகச் சரித்தால் மெல்லிதாக. ஒடுங்கிய நுனி திரவத்தை ஆறுதலாக இறக்கி, படலம் வடிய நேரம் கொடுக்கிறது. கடைசியில் நுனியைக் குடுவைச் சுவரில் சில செக்கன் தொட்டுப்பிடித்தால், வெளியே தொங்குவதைச் சுவர் இழுத்துக்கொள்ளும். எவ்வளவு அழகான ஏற்பாடு! இதனால் ஏ தரக் (துல்லியம் கூடிய வகை) குழாயியில் பிழை 0.03 மி.லீ.க்குள் அடங்குகிறது. ஒரு துளி ஏறக்குறைய 0.05 மி.லீ. என்பதால், அதில் முக்கால்வாசியை ஊதினாலே எல்லை தாண்டிவிடும்.

கழுத்தில் ஒற்றைக் கோடுள்ள கனமானக் குடுவையில் கணக்கு எதிர்மாறு. அதன் 100 மி.லீ. உள்ளே இருப்பது, ஊற்றினால் 100 வராது.

நம்பாவிட்டால் குழாயியால் விட்ட நீரை நிறுத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தின் 30 பாகை செல்சியஸில் தராசு ஏறத்தாழ 24.87 கிராம்தான் காட்டும். குழாயியைக் குறைசொல்ல வேண்டாம். அந்த வெப்பநிலையில் ஒரு மி.லீ. நீர் 0.9957 கிராம், காற்றின் மேலுதைப்பும் இன்னும் 0.03 கிராமளவு குறைக்கிறது. கோடு 20 பாகைக்குப் போட்டதுதான், ஆனால் கண்ணாடி இவ்வளவு சூட்டுக்கு அசையாது. ரியூசன் கொட்டிலின் வெண்பலகையில் இதைக் காட்ட முடியாது. ஆய்வுகூட அலுமாரித் திறப்பைப் பூட்டிவைத்திருக்கும் பாடசாலைகள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது.

வாய்ப்பக்கம் மங்கலான வளையமுள்ள அளவுகோடிட்ட குழாயிகள் மட்டும் ஊதுவதற்கென்றே செய்தவை. அதற்கும் வாயல்ல, இறப்பர்க் குமிழ்.