கலப்பை ஏன் ஆறுதலாக எழும்புகிறது?

மட்டக்களப்பின் வெல்லாவெளிப் பக்கம் முன்மாரி உழவு தொடங்கிவிட்டால் ஒரு நாளைக்கூட இழக்க முடியாது. அந்த நேரம் பார்த்துத்தான் மாமாவின் பழைய உழவு இயந்திரம் மக்கர் பண்ணத் தொடங்கியது. வரம்போரம் வந்து லீவரை இழுத்தால் இரண்டு மூன்று விநாடியில் எழும்பவேண்டிய கலப்பை பத்து விநாடி எடுத்தது. அதற்குள் கொழு வரம்பைக் கிழித்துவிடும். பார்த்தவர்கள் எல்லோரும் பம்ப் போய்விட்டது என்றார்கள். பம்ப் போகவில்லை.

மெஸி பேர்குசன் 135 போன்ற பழைய இயந்திரங்களில் ஹைட்ரோலிக் பம்ப் வெளியே தெரியாது. இருக்கைக்குக் கீழே, ஒயிலுக்குள் மூழ்கிக் கிடக்கும். கியர்கள் குளிக்கும் அதே ஒயிலைத்தான் அதுவும் உறிஞ்சி, சிலிண்டருக்குள் தள்ளுகிறது. ஒயில் பிஸ்டனைத் தள்ள, கலப்பையைத் தாங்கும் இரும்புக் கைகள் உயர்ந்து கலப்பையைத் தூக்குகின்றன. இறங்குவதற்கு ஒயில் தேவையில்லை. கலப்பையின் பாரமே போதும்.

பாரத்தைத் தூக்கும் பலம் ஒயிலின் அழுத்தத்திலிருந்து வருகிறது. ஆனால் எவ்வளவு விரைவாகத் தூக்கும் என்பதைத் தீர்மானிப்பது, நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் ஒயில் சிலிண்டரைச் சென்றடைகிறது என்பதே. சிலிண்டர் நிரம்ப அரை லீற்றர் வேண்டும், பம்ப் நிமிடத்துக்கு 15 லீற்றர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 விநாடியில் வேலை முடிந்துவிடும். வழியில் 10 லீற்றர் கசிந்து திரும்பினால் எஞ்சுவது 5 லீற்றர். அதே வேலைக்கு 6 விநாடி. ஆகவே கலப்பை முழுதாக எழும்புகிறது, ஆனால் ஆறுதலாக எழும்புகிறது என்றால், தேடவேண்டியது காணாமற்போன ஒயிலை. ஒன்று, பம்புக்குள் போதிய ஒயில் நுழையவில்லை. அல்லது நுழைந்தது எங்கோ கசிகிறது.

இரண்டையும் பிரித்தறிய ஒரு ஸ்பனர்கூடத் தேவையில்லை. கலப்பையைத் தூக்கி எஞ்சினை நிறுத்துங்கள். பக்கத்தில் ஒரு கம்பை நட்டு, கொழுவின் உயரத்தில் கரியால் கோடு போடுங்கள். சில நிமிடத்திலேயே கொழு கோட்டைவிட்டு நன்றாக இறங்கினால், பிஸ்டன் ரப்பர் வளையமோ வால்வோ தேய்ந்திருக்கலாம். தூக்கிய கலப்பைக்குக் கீழே கையோ காலோ வைக்கவே கூடாது. லீவரில் ஒரு பிள்ளை கை வைத்தாலும் அத்தனை பாரமும் ஒரு நொடியில் இறங்கிவிடும்.

அடுத்தது சூடு. காலையில் நன்றாகத் தூக்கி, மத்தியானம் எஞ்சின் சூடேறியபின் தளர்ந்தால் தேய்மானத்தைச் சந்தேகியுங்கள். சூட்டில் ஒயில் நீர்த்து, தேய்ந்த இடுக்குகள் வழியே எளிதாக நழுவும். இதற்கு நேர்மாறாக, காலையில் முனகிக்கொண்டு தூக்கி, போகப்போகச் சற்றுத் தேறினால் உறிஞ்சும் பக்கத்தில் அடைப்பு. குளிர்ந்த தடித்த ஒயில், பம்பின் வாயில் அடைபட்ட வடிகட்டி வலையைக் கடக்கச் சிரமப்படுகிறது.

மாமாவின் இயந்திரம் இந்த இரண்டாம் வகை. கரிக்கோட்டைவிட்டுக் கொழு அரை மணி நேரமாகியும் இறங்கவில்லை. அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்தோம். ஒயில் மட்டம் சரி, நிறம்தான் பிழை: பால் தேத்தண்ணி. ஒயிலில் தண்ணீர் கலந்து கடையப்பட்டால் இந்த நிறம் வரும். அந்தக் கலவை தடிப்பானது; உராய்வைத் தாங்காது; உள்ளே துருவையும் உண்டாக்கும்.

எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி, வடிப்பு ஆணிகள் எல்லாவற்றையும் திறந்தோம். முதலில் வந்தது தண்ணீர், பிறகு சாம்பல் நிறக் களி. பம்பின் வாயிலுள்ள வலையைக் கழற்றியபோது பாதிக் கண்கள் அதே களியால் மூடியிருந்தன. மண்ணெண்ணெயில் கழுவி, கைநூலில் சொன்ன தரத்து ஒயிலை ஊற்றி, சிறிது நேரம் ஓடவிட்டு, அதையும் வடித்துவிட்டு மீண்டும் நிரப்பினோம். இரண்டாம் தடவை ஒயில் வீண்செலவு என்று மாமா முணுமுணுத்தார். ஆனால் மூலைகளில் தங்கிய தண்ணீர் வேறு எப்படி வெளியேறும்?

தண்ணீர் வந்த வழியையும் தேடினோம். சேற்றில் ஓடும் இயந்திரம் என்பதால் சக்கர அச்சில் கசிவைத் தடுக்கும் சீல்களைத்தான் முதலில் பார்த்தோம். அவை உலர்ந்திருந்தன. கியர் லீவரின் அடியிலிருந்த ரப்பர் உறை கிழிந்து, வாய் பிளந்து கிடந்தது. முற்றத்தில் மழையில் நின்ற ஒவ்வோர் இரவும் தண்ணீர் லீவர் வழியே வழிந்து நேரே கியர் பொக்ஸுக்குள் இறங்கியிருக்கிறது.

புது உறை போட்டோம். இப்போது கலப்பை வரம்புக்கு முன்பே எழும்பிவிடுகிறது. மழைக்காலத்தில் பொழுது பட்டதும் இருக்கையையும் லீவர்களையும் படங்கால் மூடிக் கட்டிவிட்டுத்தான் மாமா சாப்பிடப் போகிறார்.