வெட்டாத லேசரும் வெளியேறாத புகையும்

வீட்டு லேசர் இயந்திரத்தில் 3 மில்லிமீற்றர் பிளைவூட் போன கிழமை ஒரே ஓட்டத்தில் வெட்டுப்பட்டது. இப்போது அடிப்பக்கம் விடாமல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. உடனே வலுவைக் கூட்டத்தான் கை போகும். ஆனால் அனேகமாகக் கோளாறு லேசரில் இல்லை, புகையில்.

வீட்டில் பாவிக்கும் டயோட் லேசர் தருவது சுமார் 450 நானோமீற்றர் நீல ஒளி. பெட்டியில் 40 வாற் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், பலவற்றில் அது இழுக்கும் மின்சாரக் கணக்கு. ஒளியாக வருவது 5 அல்லது 10 வாற்தான். அது மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு அகலப் புள்ளியில் குவிவதால் மரம் கருகுகிறது. கருகும் மரம் விடும் புகையிலுள்ள கரித்துகள், பின்னால் வரும் ஒளியை வழியிலேயே உறிஞ்சிவிடும். மேலே போவது லென்ஸில் படிந்து, சூடாகி, அதன் பூச்சையே கெடுக்கும். வலுவைக் கூட்டினால் புகையும் கூடும், அவ்வளவுதான்.

முதலில் லென்ஸை ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பிறகு வெட்டும் இடத்துப் புகையை ஊதித் தள்ளக் காற்றுப் பம்ப் பூட்டுங்கள். மீன் தொட்டிக்கான சின்னப் பம்ப் காணாது. நிமிடத்துக்கு 30 லீற்றர் தள்ளும் பம்ப் வேண்டும். அதிலிருந்து 6 மில்லிமீற்றர் சிலிக்கன் குழாய், நுனியில் 2 மில்லிமீற்றர் துளையுள்ள பித்தளை நொசில். நொசில் கதிரை மறைக்காமல், சரிவாக, எரியும் புள்ளியையே பார்க்கவேண்டும். குழாயை மேலிருந்து தொங்கவிடுங்கள். இழுபட்டால் லேசர் தலை தடுமாறி எழுத்தின் விளிம்பு இரட்டிக்கும். முழுக்காற்று வெட்டுவதற்கு மட்டும். எழுத்துப் பொறிக்கும்போது மூன்றிலொன்றாகக் குறையுங்கள், இல்லாவிட்டால் புகை பலகையில் பரவி மஞ்சள் கறை பிடிக்கும்.

மாரியில் விறாந்தையில் கிடந்த பலகை என்றால் சங்கதி வேறு. லேசரின் சக்தியில் ஒரு பங்கு ஈரத்தை ஆவியாக்கவே போய்விடும். காயவிட்டு, ஓரத்துண்டில் வேகத்தையும் வலுவையும் மாற்றிமாற்றிச் சோதித்துவிட்டே தொடங்குங்கள்.

பனைமரம் இன்னும் சண்டித்தனம். வைரம் பாய்ந்த கறுப்பு நார் அசையாது, இடையிலுள்ள வெளிறிய பகுதி சட்டென்று பள்ளமாகும். சின்ன எழுத்து சிதைந்துபோகும், தடித்த எழுத்தே எடுபடும். சிரட்டையில் வளைவு கூடிய இடத்துக்குப் போனால் குவியம் விலகிக் கோடு மங்கும். உச்சிப் பகுதியோடு நிற்பது நல்லது.

புகையை விசிறியால் யன்னல் வழியே வெளியேற்றும்போது காற்றின் திசையையும் பாருங்கள். சோளகக் காலத்தில் தென்மேற்கு யன்னலால் விட்ட புகை அப்படியே திரும்பி வீட்டுக்குள் வரும். 450 நானோமீற்றருக்கென்று குறித்த பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இயந்திரத்தைத் தொடவேண்டாம். வெயில் கண்ணாடி உதவாது. ஓடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், காற்றடித்தாலும் பலகை தீப்பற்றலாம்.

ரெக்சின், பிவிசி இரண்டையும் லேசருக்குக் கீழ் வைக்கக்கூடாது. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைட் வரும். நுரையீரலையும் அரிக்கும், இயந்திரத்தின் இரும்பையும் அரிக்கும். பொருள் எதுவென்று தெரியாவிட்டால், வெளியிடத்தில் செப்புக் கம்பியைச் சிவக்கச் சூடாக்கி, அந்தப் பொருளில் தொட்டு, கம்பியை மறுபடி தீயில் பிடியுங்கள். சுவாலை பச்சையானால் குளோரீன் இருக்கக்கூடும். அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள்.