ஷவருக்கு 24, ரேடியேட்டருக்கு 3

லண்டனில் ஒற்றைப் படுக்கையறை பிளாட்டில் இருக்கும் நண்பர் ஒருவர், பாய்லர் மாற்ற மூன்று பேரிடம் விலை கேட்டார். ஒருவர் 24 கிலோவாட் என்றார், அடுத்தவர் 30, மூன்றாமவர் 35. “பெரிசா இருந்தா நல்லதுதானே” என்பது மூன்றாமவரின் வாதம். செருப்பு வாங்கும்போது இப்படிச் சொல்வோமா?

அவர் கேட்டது காம்பி வகை பாய்லர்; அதற்கு இரண்டு வேலை. அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குள் சுற்றிவரும் தண்ணீரைச் சூடாக்குவது ஒன்று. குழாயைத் திறந்ததும் உள்ளே வரும் பச்சைத் தண்ணீரை, போகிற போக்கிலேயே வெந்நீராக்கி அனுப்புவது இன்னொன்று. சேமித்துவைக்கத் தொட்டி கிடையாது. அதனால்தான் இத்தனை கிலோவாட் தேவைப்படுகிறது.

கணக்கு எளிது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வேண்டும். லண்டன் குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 5 டிகிரிக்குக்கூட இறங்கிவிடும். குளிக்க 40 டிகிரி வேண்டும். ஆக 35 டிகிரி ஏற்ற வேண்டும். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் 1,470 கிலோஜூல். அதை 60 நொடியால் வகுத்தால் 24.5 கிலோவாட். ஒரே குளியலறை உள்ள வீட்டுக்கு இதுவே நல்ல ஷவர்.

சரி, 35 கிலோவாட் வைத்தால்? 14 லிட்டர் வரை சூடாக்கும். ஆனால் தெருக் குழாயிலிருந்து அவ்வளவு வந்தால்தானே! நண்பரிடம் 10 லிட்டர் வாளி ஒன்றைச் சமையலறைக் குழாயடியில் வைத்து, குழாயை முழுக்கத் திறந்து நேரம் பார்க்கச் சொன்னேன். நிரம்ப 55 நொடி ஆனது. அதாவது நிமிடத்துக்கு 11 லிட்டர்தான். அதற்கு மேல் சூடாக்கும் திறனுக்குக் கொடுக்கும் காசு வீண்.

அப்புறம் ரேடியேட்டர் பக்கம் வருவோம். மேலும் கீழும் பக்கத்திலும் வீடுகள் சூழ்ந்த சின்ன பிளாட்டிலிருந்து, உறைபனி நாளில்கூட வெளியேறும் வெப்பம் 3, 4 கிலோவாட் அளவில்தான் இருக்கும். மிதமான குளிருக்கு ஒன்றிரண்டு போதும். பாய்லருக்குத் தீயைக் குறைத்து எரியத் தெரியும்; ஆனால் அதற்கும் ஓர் அடிமட்டம் உண்டு. சில மாடல்கள் 3 கிலோவாட் வரை இறங்கும், சில 7-க்குக் கீழே இறங்காது. 2 கிலோவாட் கேட்கும் வீட்டில் 7 கிலோவாட்டைக் கொட்டினால், சில நிமிடங்களில் தண்ணீர் அளவுக்கு மேல் சூடாகி பாய்லர் தானே அணையும். கொஞ்ச நேரத்தில் மறுபடி பற்றும். ஒவ்வொரு முறையும் பற்றவைக்கும் முன் அதிலுள்ள மின்விசிறி, தீ எரியும் உள்ளறையின் காற்றை வெளியே ஊதித் தள்ளும், கூடவே சூடும் போகும். ராத்திரி முழுக்க ‘டிக், புஸ்’ என்று சத்தம் வேறு.

இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. எரிவாயு எரியும்போது நீராவி உண்டாகிறது. ரேடியேட்டரிலிருந்து திரும்பும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால், அந்த நீராவி உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகி, தன் வெப்பத்தைத் தந்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியே சாக்கடைக்குப் போகும். இங்கிலாந்தில் 2005 முதல் புது எரிவாயு பாய்லர்கள், சில விலக்குகள் தவிர, இந்த வகையாகத்தான் இருக்க வேண்டும். தண்ணீர் சூடாகவே திரும்பினால் இந்தச் சேமிப்பு கைக்கு வராது.

எனவே வெப்பமூட்டலுக்கான உச்சத் திறனைத் தனியாகக் குறைத்துவைக்க முடிகிற மாடலாக வாங்குவது நல்லது. ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை 70-லிருந்து 55, 60-க்கு இறக்கிப் பாருங்கள். வீடு சற்று மெதுவாகச் சூடாகும், அவ்வளவுதான்.

நண்பர் 24-ஐத் தேர்ந்தெடுத்தார். “இது எவ்வளவு குறைவாக எரியும்?” என்று பொருத்த வந்தவரிடம் கேட்டிருக்கிறார். மனிதர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, வேனிலிருந்து கையேட்டை எடுத்துவரப் போனாராம்.