திரையரங்கில் 48, கண் மருத்துவமனையில் 31.5

டிஜிட்டல் திரையரங்குகளுக்கு ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் சேர்ந்து வகுத்த விதி ஒன்று உண்டு: திரையின் நடுவில் வெள்ளை நிறம் 48 நிட் ஒளிர்வோடு தெரிய வேண்டும். 50 என்று முழு எண்ணாக வைத்துவிட்டுப் போயிருக்கலாமே, அதென்ன 48? விஷயம் இதுதான். அவர்கள் மனதில் இருந்த எண் 14. அதன் அலகு ஃபுட்-லாம்பர்ட் என்ற பழைய ஒளிர்வு அலகு; ஒன்று 3.426 நிட்டுக்குச் சமம். 14-ஐ 3.426-ஆல் பெருக்கினால் 47.96. அதை முழுமையாக்கியதுதான் 48.

அந்த 3.426 எப்படி வந்தது என்று பிரித்துப் பார்த்தால், பழைய ஒளிர்வு அலகுகளின் மொத்தக் குழப்பமும் அவிழ்ந்துவிடும்.

முதலில் ஒரு வேறுபாடு. ஒரு பரப்பின்மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பது ஒன்று. அதை லக்ஸில் அளக்கிறோம். அந்தப் பரப்பு நம்மை நோக்கி எவ்வளவு ஒளிர்கிறது என்பது இன்னொன்று. ஒரே டியூப்லைட்டின் கீழ் வெள்ளைத் தாளையும் கறுப்புத் துணியையும் வையுங்கள். விழும் வெளிச்சம் இரண்டுக்கும் சமம், ஒளிர்வு சமமில்லை. இந்த ஒளிர்வுக்கு இன்றைய அலகு, சதுர மீட்டருக்கு இத்தனை கேண்டிலா (கேண்டிலா என்பது ஒரு திசையில் செல்லும் ஒளியின் வலிமைக்கான அலகு). செல்போன் விளம்பரங்களில் வரும் ‘நிட்’ அதுவேதான்.

பழைய அலகுகளில் ஸ்டில்ப் எளிமையானது. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கேண்டிலா, அதாவது 10,000 நிட். இதில் மாறியது பரப்பளவு மட்டும். சிக்கல் லாம்பர்ட் குடும்பத்தில்தான். ஒரு லாம்பர்ட் 3,183 நிட். ஒரு அப்போஸ்டில்ப் 0.3183 நிட். இலக்கங்களைக் கவனித்தீர்களா? ஒன்றை ‘பை’யால், அதாவது 3.1416-ஆல், வகுத்தால் கிடைக்கும் இலக்கங்கள் அவை. ஃபுட்-லாம்பர்ட்டிலும் அதே கதை: ஒரு சதுர மீட்டரில் 10.764 சதுர அடி. அதை ‘பை’யால் வகுத்தால் 3.426.

வட்டமே இல்லாத இடத்தில் ‘பை’ ஏன்? ஜோஹன் ஹைன்ரிச் லாம்பர்ட் 1760-இல் வெளியிட்ட ‘ஃபோட்டோமெட்ரியா’ நூலில் இதற்கு விடை இருக்கிறது. சுண்ணாம்பு அடித்த சுவர் போன்ற மங்கிய வெண்பரப்பை எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே பிரகாசமாகத் தெரியும். சாய்ந்த திசையில் அது அனுப்பும் ஒளி குறைகிறது. அந்தத் திசையிலிருந்து பார்க்கும்போது பரப்பும் அதே விகிதத்தில் குறுகித் தெரிகிறது. இரண்டும் ஈடாகிவிடுகின்றன. பரப்புக்கு முன்னால் விரியும் அரைக்கோளத்தின் திண்மக் கோணம், அதாவது முப்பரிமாணத்தில் அது விரியும் அளவு, இரண்டு ‘பை’. எல்லாத் திசையிலும் ஒரே அளவு ஒளி போயிருந்தால் ‘பை’யின் இரு மடங்கால் வகுக்க வேண்டியிருக்கும். சாய்வால் வரும் குறைவு சராசரியாகப் பாதி என்பதால், மிஞ்சுவது ஒரு ‘பை’.

ஆகவே, விழும் லக்ஸை, பரப்பு எத்தனை பங்கைத் திருப்பியனுப்புகிறதோ அதால் பெருக்கி, ‘பை’யால் வகுத்தால் ஒளிர்வு நிட்டில் கிடைக்கும். 300 லக்ஸ் விழும் மேசையில், 80 சதவீத ஒளியைத் திருப்பியனுப்பும் தாள் 76 நிட் ஒளிரும். அப்போஸ்டில்ப்பில் என்றால் 300-ஐ 0.8-ஆல் பெருக்கினால் போதும்: 240. கால்குலேட்டர் இல்லாத காலத்தில் அது சின்ன லாபமல்ல. சுவர், திரை, தாள் என்று பரப்புகளோடு மல்லுக்கட்டியவர்கள் ‘பை’யை அலகுக்குள்ளேயே புதைத்து வைத்ததை என்னால் குறைசொல்ல முடியவில்லை.

அப்போஸ்டில்ப் இன்றும் புழங்கும் இடம் கண் மருத்துவமனை. கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) நோயாளிகளுக்குப் பார்வைப் புலப் பரிசோதனை செய்து தரும் ஹம்ஃப்ரி கருவியின் அறிக்கையில், பின்னணி ஒளி 31.5 அப்போஸ்டில்ப் என்று அச்சாகியிருக்கும். ‘பை’யால் வகுத்தால் 10 நிட். ஆனால் அதே அறிக்கையில் புள்ளி புள்ளியாக இருக்கும் டெசிபல் எண்களில் எச்சரிக்கை தேவை. அங்கே பூஜ்யம் என்பது அந்தக் கருவி காட்டக்கூடிய உச்ச ஒளி. ஹம்ஃப்ரியில் அது 10,000 அப்போஸ்டில்ப் (சரியாக ஒரு லாம்பர்ட்!), பழைய கோல்ட்மான் கருவியில் 1,000. எண் கூடக்கூட ஒளி மங்கும். டெசிபலில் பத்து மடங்கு என்பது 10 எண் வித்தியாசம். உச்சம் பத்து மடங்கு வேறுபடுவதால், ஒரே மங்கல் பொட்டு ஒன்றில் 30 டெசிபல் என்றால் மற்றதில் 20. இரண்டு கருவிகளின் எண்களை அருகருகே வைத்துப் பார்வை குறைந்துவிட்டதென்று பதறுவதற்கு முன், உச்ச அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இதுவரை பார்த்தது எல்லாம் கேண்டிலா மாறாது என்ற நம்பிக்கையில். பழைய ஆவணங்களில் அந்த நம்பிக்கையும் தளரும். ஜெர்மனியில் ஒளிக்கு அடிப்படையாக இருந்தது ஹெஃப்னர் விளக்கு: அமைல் அசிட்டேட் எரியும், 40 மில்லிமீட்டர் உயரச் சுடர். அதன் ஒளி இன்றைய கேண்டிலாவில் சுமார் 0.9. பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா 1909-இல் ஏற்ற சர்வதேச மெழுகுவர்த்தியோ கேண்டிலாவைவிடக் கொஞ்சம் பெரியது. 1948-இல்தான், பிளாட்டினம் உறையும் வெப்பநிலையில் உள்ள கரும்பொருளின் (தன்மேல் விழும் ஒளி முழுவதையும் உறிஞ்சும் பொருளின்) ஒளிர்வு 60 ஸ்டில்ப் என்று வைத்து எல்லோரும் ஒரே அளவுக்கு வந்தார்கள். அதனால் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஜெர்மன் கட்டுரையில் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மெழுகுவர்த்தி என்று கண்டால், 10,000-ஆல் பெருக்கியதோடு நிறுத்தாமல் 0.9-ஆலும் பெருக்க வேண்டும். பெருக்காவிட்டால் விடை பத்து சதவீதத்துக்கு மேல் கூடிவிடும்.