'நேர்மறை'யில் எதை மறைப்பது?

என் அக்கா மகளுக்கு ஒன்பது வயது. உதட்டோரத்திலும் ஒரு கண் இமையிலும் வெண்புள்ளி. போன மாதம் அவள் பள்ளிக்கு ஒரு பேச்சாளர் வந்து, "நேர்மறையாக இருங்கள், நேர்மறை எண்ணமே வெற்றி" என்று முக்கால் மணி நேரம் முழங்கிவிட்டுப் போயிருக்கிறார். சாயங்காலம் செல்லூர் வீட்டுத் திண்ணையில் என்னைப் பிடித்துக்கொண்டாள்: "மாமா, மறைன்னா மறைக்கிறதுதானே? நேரா மறைக்கிறதுன்னா எப்படி? பவுடர் போட்டா?"

பிள்ளை கேட்டது சரியான இலக்கணக் கேள்வி.

அந்தப் பேச்சாளர் சொல்ல வந்தது ஆப்டிமிசம். லத்தீனில் ஆப்டிமும் என்றால் மிகச் சிறந்தது. இருக்கக்கூடிய உலகங்களில் இதுவே சிறந்தது என்று 1710இல் ஜெர்மன் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் வாதிட்டார். அந்தக் கொள்கைக்குப் பிரெஞ்சில் வைத்த பெயர், பிறகு நல்லது நடக்கும் என்றிருக்கும் மனநிலைக்கு ஆகிவந்தது. பிறப்பு வரலாறு அவ்வளவுதான்.

இனி நேர்மறைக்கு வருவோம். 'எதிர்மறை' இலக்கணச் சொல். அதிலுள்ள மறைக்கு மறுத்தல் என்று பொருள். 'செய்யான்' எதிர்மறை, 'செய்தான்' உடன்பாடு. ஆக, எதிர்மறைக்கு எதிர்ச்சொல் நூற்றாண்டுகளாக நம்மிடம் இருக்கிறது. அதைத் தேடச் சோம்பல்பட்ட யாரோ, 'எதிர்' இருந்த இடத்தில் 'நேர்' வைத்து ஒட்டிவிட்டார்கள். மறுப்பு அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கிறது! நேராக மறு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பழகிவிட்டதே, விடுங்கள் என்பார்கள். பாசிட்டிவ் என்று வந்த இடமெல்லாம் இதைத்தான் ஒட்ட வேண்டுமா? கணக்குப் புத்தகத்தில் மிகை முழுக்கள் என்று இருக்கிறது. மின்சாரத்தில் நேர்மின்னூட்டம், அங்கே 'மறை' நுழையவில்லை. 2020இல் கொரோனா வந்தபோது பத்திரிகைகள் 'தொற்று உறுதி' என்று அழகாக எழுதின. இடம் பார்த்துச் சொல் போடத் தெரிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். இப்போதைய மொழிபெயர்ப்பாளர்களுக்கு வாக்கியத்தைப் படிக்கவே பொறுமை இல்லை. வெண்புள்ளியை இன்னும் 'வெண்குஷ்டம்' என்று எழுதுகிறவர்களும் இந்தக் கூட்டம்தான். தோலில் நிறமி உண்டாக்கும் செல்கள் அழிவதால் வருவது அது. தொழுநோய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஒட்டவும் ஒட்டாது.

சிலர் தன்னம்பிக்கை என்று போடுகிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் பொருள் வேறு: என்னால் முடியும் என்பது தன்னம்பிக்கை. இமையில் நிறம் திரும்புவது இந்தப் பிள்ளையால் முடிகிற காரியமா? திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் நாளைக்குப் பள்ளியில் பக்கத்தில் உட்கார ஒருத்தி இருப்பாள் என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறாளே, அதற்குத்தான் சொல் வேண்டும்.

என் தேர்வு நன்னம்பிக்கை. நான் புதிதாகக் கட்டியதில்லை. ஆப்பிரிக்காவின் தென்மேற்கு ஓரத்தில் நன்னம்பிக்கை முனை என்று புவியியல் பாடத்தில் எல்லோரும் படித்ததுதான். 1488இல் அதைச் சுற்றிய போர்ச்சுகீசிய மாலுமி பார்த்தலோமியோ டயஸ் முதலில் புயல் முனை என்றே பெயர் வைத்தார் என்பார்கள். இந்தியாவுக்கு வழி கிடைக்கும் என்று பிறகு மாற்றினார்கள். "இப்பப் புயல் அடிக்காதா மாமா?" என்றாள். அடிக்கும் என்றேன்.

சரி, நன்னம்பிக்கை எழுத்துக்கு ஆகும், பேச்சுக்குக் கொஞ்சம் கனம்தான். அப்புறம் ஒருநாள் பெரியார் நிலையத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது ஒரு பாட்டி அவள் முகத்தையே பார்த்துவிட்டு, "ஒட்டுமா தாயி?" என்று கேட்டது. "ஒட்டாது பாட்டி, வேணும்னா தொட்டுப் பாருங்க" என்று கன்னத்தை நீட்டினாள். பாட்டி தொட்டுப் பார்த்துவிட்டுக் கொய்யாவில் பாதியைக் கொடுத்தது. வீட்டில் இதைச் சொன்னதும் என் அம்மா, "எம் பேத்தி தெம்பான புள்ளடா" என்றார். தெம்பு தெலுங்கு வழி வந்த சொல். நான் வாயைத் திறக்கவில்லை.