லைக்குக்கு அரை மதிப்பெண், சண்டைக்குப் பதின்மூன்றரை

2023 மார்ச் 31 அன்று ட்விட்டர் (இன்றைய எக்ஸ்) நிறுவனம், யாருக்கு எந்தப் பதிவைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் தன் பரிந்துரை நிரலின் (அல்காரிதம்) பெரும்பகுதியைப் பொதுவெளியில் வைத்தது. அதையொட்டி வெளியான ஒரு சிறு பட்டியல்தான் எனக்கு முழு நிரலையும்விடச் சுவையானதாகத் தெரிகிறது. ஒரு பதிவை நீங்கள் லைக் செய்தால் 0.5 மதிப்பெண், ரீட்வீட் செய்தால் 1, பதில் எழுதினால் 13.5, அந்தப் பதிலைப் பதிவிட்டவரும் கவனித்து லைக்கோ மறுபதிலோ போட்டால் 75.

அன்றைய முறை இது: கோடிக்கணக்கான பதிவுகளிலிருந்து முதலில் சுமார் 1,500 பதிவுகள் உங்களுக்கெனச் சலித்தெடுக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் நீங்கள் லைக் செய்ய எவ்வளவு வாய்ப்பு, பதில் எழுத எவ்வளவு வாய்ப்பு என்று கணித்து, மதிப்பெண்ணால் பெருக்கிக் கூட்டியது இயந்திரம். கூட்டுத்தொகை அதிகமானது மேலே வந்தது. ஒரு கவிதையை நீங்கள் லைக் செய்ய நூற்றுக்குப் பத்து வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம்: 0.05. எரிச்சலூட்டும் அரசியல் பதிவுக்கு லைக் போட மாட்டீர்கள். ஆனால் பதில் எழுதிச் சண்டைக்குப் போக நூற்றுக்கு நான்கு வாய்ப்பு: 0.54. கவிதை பத்து மடங்கு பின்தங்கிவிட்டது. நன்றி சொல்லும் பதிலும் வசைபாடும் பதிலும் இந்தக் கணக்கில் ஒன்றே.

வெறுப்பை இயந்திரம் அறியவே அறியாது என்றும் சொல்ல முடியாது. புகார் செய்தால் −369. ஆனால் அதற்குப் பொத்தானை அழுத்த வேண்டுமே! முகம் சுளித்துக்கொண்டே படித்து முடிப்பவரின் சுளிப்பு கணக்கில் ஏறவில்லை.

அந்த ஆண்டு பிப்ரவரியில் ஆய்வாளர்கள் சுமார் 800 ட்விட்டர் பயனர்களிடம் நேரடியாகவே கேட்டார்கள். அல்காரிதம் தேர்ந்தெடுத்த பதிவுகளையும், வெறும் கால வரிசைப்படி வந்தவற்றையும் காட்டினார்கள். மொத்தத்தில் அல்காரிதத்தின் தேர்வே சற்றுக் கூடுதலாகப் பிடித்திருந்தது. அதை மறைப்பது நேர்மையாகாது. அரசியல் பதிவுகளில் மட்டும் கதை வேறு. அல்காரிதம் காட்டியவற்றில் கோபமும் எதிரணி மீதான காழ்ப்பும் அதிகம். அவற்றை மக்கள் விரும்பவும் இல்லை.

கால வரிசைக்கே திரும்பிவிடலாமா? 2020 அமெரிக்கத் தேர்தலின்போது ஃபேஸ்புக்கில் ஒரு பகுதியினருக்கு அப்படி மாற்றிப் பார்த்தார்கள். அவர்கள் செலவிட்ட நேரம் குறைந்தது. நம்பகமற்ற தளங்களின் செய்திகளோ கூடின.

யூடியூப் வேறு வழியில் போகிறது. 2012 முதல் பார்த்த நேரத்தை அளந்துவந்த அந்நிறுவனம், பிற்பாடு வீடியோவுக்கு ஐந்து நட்சத்திரம் வரை கொடுக்கச் சொல்லிப் பார்வையாளர்களைக் கேட்கத் தொடங்கியது. நான்கோ ஐந்தோ கிடைத்தால்தான் அது பயனுள்ள நேரம். கேட்டவர்கள் எல்லோரும் பதில் சொல்வதில்லை. ஆகவே, சொல்லாதவர்கள் எத்தனை நட்சத்திரம் கொடுத்திருப்பார்கள் என்பதையும் இன்னொரு நிரலே கணித்துக்கொள்கிறது.